பையை யார் கட்டுவது? வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் நானும் என் கணவரும் ஒரே நாளில் வால்பாறை போய்த் திரும்பியதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, புதிதாகக் கல்யாணமானவர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது மயிலாடுதுறை, வாழ்க்கைப்பட்டது கோயம்புத்தூர் சிங்காநல்லூர். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. இவர் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். கீழ்வீட்டில் அத்தை, மேல்வீட்டில் நாங்கள்.

"நானும் என் கணவரும் வேறு வேறு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறோம். வாரத்தில் நான்கு நாள் முகம் பார்ப்பதே அரிது. ஊர் சுற்ற எங்கே நேரம்? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"
வாசகி, ஓசூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டுக் கதை போலவே இருந்தது.

இவருக்கு ஒரு வாரம் காலை 6 முதல் 2 வரை, அடுத்த வாரம் 2 முதல் 10 வரை, அதற்கடுத்த வாரம் நைட். செகண்ட் ஷிப்ட் வாரத்தில்தான் எங்களுக்குச் சிரமம் அதிகம். நான் வேலை முடிந்து வரும்போது அவர் இருக்க மாட்டார், அவர் வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். ஆரம்பத்தில் ராத்திரி பதினொன்று வரை சாப்பிடாமல் காத்திருந்தேன். அவருக்கோ களைப்பு, எனக்கோ பசி. அந்த நேரத்தில் நாங்கள் பேசியதெல்லாம் ஒன்று கேஸ் சிலிண்டரைப் பற்றியது, இல்லையென்றால் சண்டை. அப்புறம் காத்திருப்பதை விட்டுவிட்டு, காலையில் நான் கிளம்புவதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்தை எங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டோம். அவர் டீ போடுவார், மொட்டை மாடியில் உட்கார்ந்து குடிப்போம். போன் இரண்டும் கீழேயே இருக்கும். நைட் ஷிப்ட் வாரத்திலும் இதே ஏற்பாடுதான். எனக்கு அது காலை, அவருக்கு அது வேலை முடிந்த சாயங்காலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் சிங்காநல்லூர் குளத்துக்கு நடந்துபோவோம். மாநகராட்சி 2017ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்த குளம் அது. கரையில் நின்றால் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைப்பதைப் பார்க்கலாம். ஒரு ரூபாய் செலவில்லை. எங்களைப் பொறுத்தவரை அதுவும் பயணம்தான். உங்கள் ஊரில் ராமநாயக்கன் ஏரி இருக்கிறது, ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள்.

வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு, ஐந்து பண்டிகை நாட்கள். அந்தப் பட்டியல் வருட ஆரம்பத்திலேயே நோட்டீஸ் போர்டில் வந்துவிடும். ஜனவரி முதல் வாரத்தில் இரண்டு பேர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, எந்தெந்த நாள் ஒத்துப்போகிறது, அதில் எது வார விடுப்பை ஒட்டி வருகிறது என்று காலண்டரில் வட்டம் போடுங்கள். எங்களுக்கு இந்த வருடம் அப்படி ஐந்து வட்டம் விழுந்தது. ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்ததைக் குறைத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற ஷிப்ட்காரர்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. நான்கு மாதம் தள்ளி எந்த ஷிப்ட் வரும் என்று யாருக்குத் தெரியும்?

"சுற்றுலா என்றாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது. போய்விட்டு வந்தால் இரண்டு நாள் உடம்பு வலி. என் கணவரோ அடுத்து எங்கே போகலாம் என்கிறார். எனக்குத்தான் ரசனை இல்லையோ?"
வாசகி, திண்டுக்கல்

இல்லவே இல்லை அம்மா. உங்களுக்கு ரசனை இருக்கிறதா என்று பார்க்கும் முன்னால், உங்கள் வீட்டில் பையை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

கல்யாணமான முதல் வருடம் நாங்கள் வால்பாறை போனோம். அன்று நான் மூன்றரைக்கு எழுந்தேன். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அதைக் கட்டி, பாத்திரம் கழுவி, அவருடைய துண்டு, மாற்றுச் சட்டை, தண்ணீர் பாட்டில், தலைவலித் தைலம் எல்லாம் எடுத்து வைத்து, பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்லி, தயிருக்கு உறை ஊற்றி, கேஸை மூடினேன். அவர் எழுந்து குளித்து, ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "கிளம்பலாமா?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ், பொள்ளாச்சியில் வால்பாறை பஸ். ஆழியாறு தாண்டி மலை ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதிலும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் பாறை மேல் வரையாடுகள் நின்றிருக்கின்றன. நம் மாநில விலங்கு. இவர் படம் எடுத்தார், என்னை எழுப்ப மனசு வரவில்லையாம். ராத்திரி ஒன்பதரைக்கு வீடு திரும்பியதும் அவர் அந்தப் படங்களை நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் ஊசிப்போன தயிர்சாத டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். கோபமாக இல்லை, அழுதுகொண்டே சொன்னேன். அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். வேலை செய்ய மாட்டேன் என்கிறவர் இல்லை அவர். இத்தனை வேலை இருக்கிறது என்பதே அவர் கண்ணில் படவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் பை தானாகக் கட்டிக்கொண்டிருந்தது. அதாவது அத்தை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று ராத்திரி ஒரு நாற்பது பக்க நோட்டில், ஒரு நாள் வெளியே போய் வருவதற்கான வேலைகளை எல்லாம் எழுதினோம். 31 வேலை வந்தது. பவர் பேங்க் சார்ஜ் போடுவது, துளசிக்குத் தண்ணீர் ஊற்ற அத்தையிடம் சொல்வது, சில்லறை வைத்துக்கொள்வது, திரும்பி வந்து அழுக்குத் துணியை ஊறவைப்பது வரை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பெயர் எழுதினோம். அவர் பெயர் 16 இடத்தில், என் பெயர் 15 இடத்தில். சாப்பாடு கட்டுவதானால் அவர் எலுமிச்சை சாதம் கிளறுவார், அது மட்டும்தான் கட்டுவோம். இல்லையென்றால் கடையில் சாப்பாடு. திரும்பி வந்ததும் டப்பா தேய்ப்பது அவர் வேலை. அதில் மாற்றமே கிடையாது.

சென்ற மாதம் போனது அதே வால்பாறை, அதே பஸ். இந்த முறை நான் முழித்திருந்தேன். ஒன்பதாவது வளைவில் வரையாடு ஒன்று சாலையோரச் சுவர் மேலேயே நின்றிருந்தது. வால்பாறைக்கு முன்னால் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக் கூட்டத்தையும் பார்த்தேன். யாராவது தின்பண்டம் எறிந்தால் தயவுசெய்து தடுங்கள். அதனாலேயே அவை மரத்தைவிட்டு ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன.

திண்டுக்கல் சகோதரி, நீங்கள் ஒரு நோட்டு வாங்குங்கள். எழுதும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். நீங்கள் மட்டும் எழுதி நீட்டினால் அவருக்கு அது குற்றப்பத்திரிகையாகத் தெரியும்.

"நாங்கள் இருவர் மட்டும் வெளியே போவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. வாயால் சொல்வதில்லை, முகம் வாடிவிடுகிறது. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது."
வாசகி, ஈரோடு

எங்கள் அத்தைக்கும் முதலில் முகம் வாடியது. கூட்டிப்போகவில்லை என்றுதான் வருத்தம் என நான் நினைத்தேன். ஒரு நாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அவர்களாகச் சொன்னார்கள்: "நீங்க போறதுக்கு நான் என்ன சொல்லப்போறேன் கண்ணு. எதுத்த வீட்டுக்காரம்மா வந்து 'உங்க பையனும் மருமகளும் எங்க போறாங்க'ன்னு கேக்கறப்ப எனக்குத் தெரியாம நிக்கறனே, அதுதான் ஒரு மாதிரி இருக்குது."

அவ்வளவுதான் விஷயம். இப்போது காலண்டரில் வட்டம் போட்டதும் முதலில் அவர்களிடம்தான் சொல்கிறோம். அத்தைக்கும் தனியாக ஒரு பயணம் உண்டு. கிருத்திகைக்குத் தன் தங்கையோடு பழனி போய்வருவார்கள், டிக்கெட் எடுத்து ரயில் ஏற்றிவிடுவது இவர் பொறுப்பு. நாங்கள் இல்லாத நாளில் அவர்களுக்கென்று சமைத்து வைத்துவிட்டுப் போவதும் கிடையாது. தனக்குப் பிடித்த அரிசியும் பருப்பும் சாதத்தைத் தானே வைத்து, நெய் விட்டு நிம்மதியாகச் சாப்பிட்டதாகச் சொல்வார்கள். உங்கள் மாமியாரின் வருத்தம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் நீங்களாக ஒன்றை நினைத்துக்கொள்ளாமல், ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் கணவர் மூலமாகக் கேட்காதீர்கள்.

"பஸ்ஸில் மலை ஏறினால் எனக்கு வாந்தி. மனைவி முன்னால் வெட்கமாக இருக்கிறது."
வாசகர், விருத்தாசலம்

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது தம்பி? பின் சீட்டு வேண்டாம், முன்பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள். போனைப் பார்க்காதீர்கள், தூரத்து மலையைப் பாருங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள், இரண்டு இட்லி போதும். மாத்திரை வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டால் பயனில்லை. மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருப்பார்.

"ஊருக்குப் போனால் கட்டாயம் ஒரு சண்டை வருகிறது. உங்களுக்குள் வருவதே இல்லையா?"
வாசகி, புதுச்சேரி

வரும். போன வருடம் ஜூனில் வந்தது இன்னும் மறக்கவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயில் காலை 7.10க்குக் கிளம்பும். ஏப்ரலிலேயே டிக்கெட் எடுத்துவிட்டோம். இவருக்கு அந்த ரயில் சின்ன வயதுக் கனவு. முந்தின நாளே போய் மேட்டுப்பாளையத்தில் தங்கலாம் என்று நான் சொன்னேன். "எதுக்கு வீண் செலவு, விடிகாலை பஸ்ஸே போதும்" என்றார் இவர். சிங்காநல்லூரிலிருந்து மேட்டுப்பாளையம் ரோடு பஸ் நிலையத்துக்குப் போய், அங்கே அடுத்த பஸ் ஏறி, வழியில் ஓர் இடத்தில் வண்டி நின்று, நாங்கள் ஸ்டேஷனுக்குள் ஓடியபோது மணி 7.20. பிளாட்பாரம் காலி. கரிப்புகை வாசனை மட்டும் இருந்தது.

நான் அப்போது சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். தன் கனவை இழந்து நிற்கிற மனிதரிடம் சொல்லக்கூடாத வார்த்தைகள். குன்னூர் பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவில்லை. பர்லியாறில் வண்டி நின்றபோது அவர் இறங்கி மங்குஸ்தான் வாங்கிவந்து, ஒவ்வொன்றாக உடைத்து என் கையில் வைத்தார். அப்போதும் பேசவில்லை. சாப்பிட்டேன். குன்னூரில் இறங்கிக் கேட்டால், அங்கிருந்து ஊட்டிக்குத் தனியாகவே ரயில் உண்டு என்றார்கள். அதில் ஏறிப்போனோம். அது டீசல் எஞ்சின், பல்சக்கரப் பகுதியும் கிடையாது. இருந்தாலும் அவர் கதவோரமே நின்றிருந்தார்.

இந்த ஜனவரி 26க்கு மறுபடி டிக்கெட் எடுத்து, ஞாயிறு ராத்திரியே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிட்டோம். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளங்களுக்கு நடுவில் பல்லிணைப் பட்டை ஓடுகிறது. மெஷின்காரர் இல்லையா, ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது கீழே குனிந்து எனக்குக் காட்டினார். ஒரு பட்டை இல்லை, இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததற்குப் பள்ளம். எந்த நொடியிலும் எஞ்சினின் சக்கரம் ஏதாவது ஒரு பல்லையாவது பிடித்திருக்கும், வழுக்காது. எஞ்சினும் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. 1899ல் குன்னூர் வரைக்கும், 1908ல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை என்றார். 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போக நினைப்பவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்த்துவிடுங்கள், மழையில் மண் சரிந்து அடிக்கடி ரயிலை நிறுத்திவிடுவார்கள். நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போனால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அரசு பஸ்ஸுக்கு வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள்.

சண்டைக்கு எங்களிடம் இரண்டு ஏற்பாடு இருக்கிறது. நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு பேரில் யார் அதிகம் பயப்படுகிறாரோ அவர் சொல்வதுதான் முடிவு. அப்புறம், பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட வேண்டும், எவ்வளவு அழகான அருவி எதிரில் இருந்தாலும். எங்கள் சண்டைகளில் பாதி மதியம் இரண்டு மணிப் பசியில் வந்தவை.

"லாட்ஜில் எங்களைப் புருஷன் பெண்டாட்டிதானா என்று சந்தேகமாகக் கேட்டார்கள். அவமானமாகப் போய்விட்டது."
வாசகர், நாமக்கல்

கும்பகோணத்தில் எங்களுக்கும் நடந்தது. என் ஆதாரில் அப்போது மயிலாடுதுறை முகவரி, அப்பா பெயர். இவர் ஆதாரில் கோவை. வரவேற்பில் இருந்தவர் கார்டையும் என் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் கோபப்பட்டார், எனக்கு அழுகை வந்தது.

அடையாள அட்டை கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கல்யாணச் சான்று காட்டினால்தான் அறை என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. கல்யாணமாகாத இரண்டு மேஜர்கள் ஓர் அறையில் தங்குவதையே குற்றம் என்று சொல்லும் சட்டம் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு எங்கள் கோவையில் ஒரு விடுதியைப் பூட்டி சீல் வைத்ததால் வந்தது. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்குக் கையில் பையோடு நிற்கும்போது தீர்ப்பைப் படித்துக்காட்ட முடியாது. திருமணப் பதிவுச் சான்றிதழை போனில் படமாக வைத்திருங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், விட்டுப்போயிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் உடனே விசாரியுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் வங்கிக்கும்கூட அது உதவும்.

"மனைவியின் தோழிகள் எல்லாம் மாலத்தீவு போய்வந்துவிட்டார்கள். இரண்டு லட்சம் பர்சனல் லோன் எடுத்து நாங்களும் போகலாம் என்று இருக்கிறேன். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை."
வாசகர், சேலம்

எடுக்காதீர்கள் தம்பி. கணக்குப் பார்ப்பவள் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 14 சதவீத வட்டியில் இரண்டு வருடத்தவணை என்றால் மாதம் சுமார் 9,600 ரூபாய். ஐந்து நாள் பயணத்துக்காக 24 மாதம் ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் பயப்படுவீர்கள். மொத்தம் 2 லட்சத்து 30 ஆயிரம் கட்டியிருப்பீர்கள்.

நாங்கள் செய்வது இது. அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. வாரம் ஆளுக்கு 500 ரூபாய் போடுகிறோம். வருடத்தில் 52,000. வால்பாறை போன்ற ஒரு நாள் பயணம், பஸ்ஸும் சாப்பாடும் சேர்த்து இரண்டு பேருக்கும் 800 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. அதனால் வருடத்தில் ஆறேழு சின்னப் பயணம், ஒரு பெரிய பயணம் எல்லாம் போனது போக மிச்சமும் இருக்கிறது. மாலத்தீவுதான் வேண்டும் என்றால் அதற்குத் தனி டப்பா வைத்து, மூன்றாம் வருடக் கல்யாண நாளுக்குப் போங்கள்.

இன்னொன்று. மனைவிக்குச் சொல்லாமல் கடன் எடுத்து ஆச்சரியப்படுத்த நினைக்கிறீர்கள். கட்டப்போவது இரண்டு பேருமாக இருக்கும்போது முடிவை ஒருவர் எடுக்கலாமா? அவர் உண்மையில் மாலத்தீவைக் கேட்டாரா, இல்லை உங்களோடு நான்கு நாள் சும்மா இருக்க வேண்டும் என்று கேட்டாரா? முதலில் அதைக் கேளுங்கள்.

"நீங்கள் போனதிலேயே பிடித்த இடம்?"
வாசகி, தூத்துக்குடி

தரங்கம்பாடி.

முதல் வருடம் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். ஜூலை முழுக்க வருமான வரி வேலை, அது முடிந்து பதினெட்டாம் பெருக்குக்குத்தான் லீவு கிடைத்தது. என்னை அழைத்துப்போக இவர் ஜன் சதாப்தியில் வந்தார். காலையில் கோவையில் ஏறி மதியம் மயிலாடுதுறை. மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் பஸ் ஏறினோம், முப்பது கிலோமீட்டர்தான். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கூட்டிப்போனதோடு சரி, அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

டேனிஷ்காரர்கள் 1620ல் கட்டிய கோட்டை, கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 1706ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்க், தமிழ் கற்று, 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த ஊர். பக்கத்திலேயே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இதெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன். கோவையில் எந்தத் தெரு எங்கே போகிறது என்று அதுவரை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று முதல்முறையாக அவர் என் ஊரில் நின்று, என்னைக் கேட்டுக் கேட்டு நடந்தார். பனைநுங்கு வாங்கியபோது கடைக்கார ஆத்தா "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். "மாயவரம் மாப்பிள்ளைங்க" என்றார் இவர்.

"அடுத்து எங்கே?"
வாசகர், மதுரை

இந்த முறை தேர்வு அவருடையது. ராமேஸ்வரம். எனக்கு இருபத்திரண்டு தீர்த்தம், அவருக்கு 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம். கப்பல் போக வழிவிட, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறதாம். எப்படி ஏறுகிறது என்று மொட்டை மாடியில் இரண்டு டீ டம்ளரையும் ஒரு ஸ்கேலையும் வைத்து எனக்கு விளக்கியாயிற்று. டிக்கெட் எடுத்தாயிற்று, அத்தையிடம் சொல்லியாயிற்று. நோட்டில் இந்த முறை 33 வேலை வந்திருக்கிறது. ஈரத்துணி கட்ட இரண்டு பிளாஸ்டிக் கவர், மாற்றுத் துணி ஒரு செட், இரண்டுக்கும் நேராக அவர் பெயர்.